ஸ்பெக்ட்ரம் திரையில் உருவத்தை வரி வரியாக வரைவது

1982-இல் பிரிட்டனில் வந்த 48கே இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் வீட்டுக் கணினிக்கு விளையாட்டு எழுதுபவர் முதலில் தடுக்கி விழும் இடம் திரை நினைவகம். படம் 16384-ஆம் முகவரியில் தொடங்கி 6144 பைட். நிறங்கள் 22528 முதல் 768 பைட். வரிக்கு 32 பைட்தானே என்று 32-ஐக் கூட்டினால், அடுத்த வரிக்குப் போகாமல் எட்டு வரி கீழே போய் உருவம் சிதறும்.

வரையும் இடத்தின் முகவரியை இசட்80 செயலியின் ஹெச்எல் பதிவேட்டில் வையுங்கள். அதன் மேல் பைட் ஹெச், கீழ் பைட் எல். ஹெச்-உடன் 1 கூட்டினால் ஒரு வரி இறங்கும். ஹெச்-இன் கடைசி 3 பிட்டும் பூஜ்யமாகிவிட்டால் மட்டும் மேற்கொண்டு வேலை: எல்-உடன் 32 கூட்டுங்கள். கேரி வந்தால், அதாவது கூட்டல் 255-ஐத் தாண்டினால், அப்படியே விடுங்கள். திரையின் அடுத்த மூன்றிலொரு பகுதிக்கு வந்துவிட்டீர்கள். வராவிட்டால் ஹெச்-இலிருந்து 8 கழியுங்கள். இதை மறந்தால் உருவத்தின் மிச்சம் 64 வரி கீழே முளைக்கும். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும்.

உருவம் மினுக்கினால், அடுத்த திரைச் சுற்று தொடங்கும்வரை செயலியைக் காக்க வைக்கும் ஹால்ட் கட்டளைக்குப் பிறகு வரையுங்கள். திரையின் முதல் வரி தொடங்க 14336 கடிகாரத் துடிப்புகள்தான் அவகாசம். வரையும் நிரலை 32768-க்கு மேல் வையுங்கள். அதற்குக் கீழுள்ள ரேமில் படச் சில்லு இசட்80-ஐக் காக்க வைக்கும்.