மதுரைப் பாதம்: குருணையிலிருந்து கிருமியின் பெயர் வரை

மதுரையின் பெயரைச் சுமக்கும் நுண்ணுயிர்கள் உண்டு. மதுரெல்லா மைசீட்டோமாடிஸ் ஒரு பூஞ்சை. ஆக்டினோமதுரா மதுரே ஒரு பாக்டீரியா. இரண்டும் உண்டாக்குவது ஒரே நோயை. 1842இல் ஜான் கில் என்ற மருத்துவர் மதுரையில் பார்த்து எழுதிவைத்ததால் அதற்கு 'மதுரைப் பாதம்' என்ற பேர் நின்றுவிட்டது. 1860இல் ஹென்றி வான்டைக் கார்ட்டர் 'பூஞ்சைக் கட்டி' என்ற பொருளில் மைசீட்டோமா என்று பேர் வைத்தார். பூஞ்சையே இல்லாத கட்டிக்கும் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

வெறுங்காலோடு நடப்பவரின் பாதத்தில் முள் குத்துகிறது, அதோடு மண்ணிலிருக்கும் கிருமியும் உள்ளே போகிறது. பெரிதாக வலிக்காது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பாதம் வீங்கி, புரையோடி, பல துளைகளில் நீர் கசியும். கசிவில் சின்னச் சின்னக் குருணைகள் வரும். நொய்யரிசி மாதிரி இருக்கும் அந்தக் குருணைதான் கிருமிகள் ஒட்டிச் சேர்ந்து வாழும் குடியிருப்பு. ஆய்வகப் படிப்பில் முதல் வருடம் இருப்பவர்களுக்காக, அதைக் கையாளும் முறையைச் சொல்கிறேன்.

படி 1: குருணையைச் சேகரிப்பது

பாதி வெற்றி இங்கேதான். துளையின் வாயில் நிற்கும் சீழைப் பஞ்சில் ஒற்றி எடுத்தால் தோலில் சும்மா திரியும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாதான் வளரும். சுற்றுப்புறத்தைத் துடைத்துவிட்டு, பக்கவாட்டில் மெல்ல அழுத்துங்கள். ஒன்றும் வரவில்லையென்றால் சலைனில் (உப்புநீரில்) நனைத்த துணிக்கட்டு போட்டு மறுநாள் பிரித்துப் பாருங்கள், குருணை அதில் ஒட்டியிருக்கும். அதுவும் இல்லையென்றால் மருத்துவர் ஆழத்திலிருந்து சதை எடுத்துத் தரவேண்டும்.

படி 2: கழுவுவது

கிருமி நீக்கிய சலைனில் மூன்று நான்கு முறை அலசுங்கள். ஒட்டிய சீழும் ரத்தமும் போகவேண்டும். ஆன்டிபயாடிக் கலந்த நீரில் கழுவலாமா என்று கேட்பார்கள். பூஞ்சைதான் என்று உறுதியாகத் தெரிந்தால் கழுவலாம். தெரியாதபோது கழுவினால், தேடும் பாக்டீரியாவை நாமே கொன்றுவிடுவோம்.

படி 3: நிறம்

கறுப்பு என்றால் பூஞ்சை என்று எடுத்துக்கொள்ளலாம், மதுரெல்லாவை முதலில் சந்தேகியுங்கள். அந்தக் கறுப்புக்கு மெலனின் என்ற நிறமி காரணம். சிவப்பு என்றால் ஆக்டினோமதுரா பெல்லெட்டியெரி என்ற பாக்டீரியா. சிக்கல் வெள்ளையிலும் மஞ்சளிலும்தான். ஆக்டினோமதுரா மதுரே, நோகார்டியா போன்ற பாக்டீரியாக்களும் வெள்ளையாக வரும், செடோஸ்போரியம் போன்ற பூஞ்சைகளும் வெள்ளையாக வரும். நோகார்டியாவின் குருணை வெறுங்கண்ணுக்கு அகப்படாத அளவு சிறியதாகவும் இருக்கலாம். போதாக்குறைக்கு, நோயாளி காலில் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தால் வெள்ளையும் மஞ்சளாகிவிடும். எதையெல்லாம் தடவினார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: நசுக்கிப் பார்ப்பது

கண்ணாடி வில்லையில் ஒரு குருணை, ஒரு சொட்டு 10 முதல் 20 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, மேலே மூடுவில்லை. அந்தக் காரம் சதையைக் கரைத்து இழையைத் தெளிவாகக் காட்டும்; கொஞ்ச நேரம் ஊறவிட்டு அழுத்துங்கள். மதுரெல்லா கெட்டியானது, பொறுமை வேண்டும்.

இப்போது பார்க்கவேண்டியது இழையின் தடிமன். பூஞ்சை இழை 2 முதல் 5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரை தடித்து, நடுநடுவே தடுப்புச் சுவரோடு, ஓரங்களில் உப்பிய செல்களோடு தெரியும். பாக்டீரியாவின் இழை 1 மைக்ரானுக்கு மேல் போகாது, நூலாம்படை போல மெலிந்து கிளைவிட்டிருக்கும். நிறம் சந்தேகத்தைத்தான் கொடுத்தது, தீர்ப்பைத் தருவது இந்தத் தடிமன். துணிக்கட்டின் பஞ்சு நூலைப் பூஞ்சை என்று எழுதிக்கொண்டு வருபவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. பஞ்சு நூல் இதைவிடப் பல மடங்கு தடிமன், முறுக்கிக் கிடக்கும், தடுப்புச் சுவர் இருக்காது.

ஏன் இவ்வளவு பாடு? பாக்டீரியா என்றால் கோட்ரிமாக்சசோல், அமிக்காசின் போன்ற மருந்துகளுக்குப் பெரும்பாலும் வசப்படும். பூஞ்சை என்றால் மாதக்கணக்கில் இட்ரகோனசோல், பலருக்கு அறுவையும் தேவைப்படும். ஒன்றின் மருந்து மற்றதற்குப் பலிக்காது. சூடானில் மதுரெல்லா மிகுதி, மெக்சிகோவில் நோகார்டியா பிரேசிலியென்சிஸ் மிகுதி. ஆகவே ஊரை வைத்து ஊகிக்கலாம், ஆனால் அறிக்கை எழுத அது போதாது.

படி 5: சாயம்

மெல்லிய இழை, அதாவது பாக்டீரியா தெரிந்தால் இன்னொரு குருணையை நசுக்கி, பாக்டீரியாக்களை நிறத்தால் பிரித்தறியும் கிராம் சாயம் ஏற்றுங்கள். ஊதா நிறத்தில் கிளைத்த இழைகள் வரும். அடுத்து அமிலம் தாங்கும் சாயம்: சிவப்புச் சாயம் ஏற்றி, அமிலத்தால் கழுவி, எது நிறத்தை விடாமல் வைத்திருக்கிறது என்று பார்ப்பது. காசநோய்க்குப் பயன்படுத்தும் 20 சதவீதக் கந்தக அமிலத்தை இங்கே எடுக்காதீர்கள், நோகார்டியா நிறத்தை இழந்துவிடும். 1 சதவீதம் போதும். அதில் சிவப்பைப் பிடித்துக்கொண்டால் நோகார்டியா. விட்டுவிட்டால் ஆக்டினோமதுராவோ, ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவோ. குருணைக்குள் இருக்கும் நோகார்டியா சில சமயம் சரியாகச் சாயம் ஏற்காது, அதனால் வளர்ப்பிலிருந்து எடுத்து மறுபடி போட்டுப் பாருங்கள்.

படி 6: வளர்ப்பு

ஒரே குருணையோடு நிறுத்தாமல் பலவற்றை, பூஞ்சை வளர்க்கப் பயன்படும் ஊடகமான சபரோ அகாரில் ஊன்றுங்கள். ஒரு தொகுதி ஆன்டிபயாடிக் சேர்த்தது, இன்னொன்று சேர்க்காதது. வேண்டாத பூஞ்சைகளைத் தடுக்கச் சேர்க்கும் சைக்ளோஹெக்சிமைடு என்ற மருந்து கலந்த ஊடகம் வேண்டாம், அது இந்தப் பூஞ்சைகளில் சிலவற்றையும் தடுத்துவிடும். மதுரெல்லா 37 டிகிரியில் நன்றாக வரும், ஊடகத்துக்குள் பழுப்புச் சாயம் இறங்கும். மூடியை டேப் ஒட்டி வையுங்கள், இல்லையென்றால் அகார் காய்ந்துவிடும். இரண்டு வாரம் ஒன்றும் முளைக்கவில்லை என்று தட்டைக் கழுவப் போட்டுவிடாதீர்கள். ஆறு வாரம் வைத்துப் பார்த்த பிறகுதான் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதலாம்.