மன்னிப்புக் கேட்கப் போகுமுன்: எட்டாம் படிக்கான தயாரிப்பு

குடியையோ போதைப்பொருளையோ விட்ட புதிதில் பலருக்கு ஒரு வேகம் வரும். காயப்படுத்திய எல்லோரையும் உடனே பார்த்து, கையைப் பிடித்து அழுது, மனப்பாரத்தை இறக்கிவிடத் தோன்றும். அந்தத் தவிப்பு உண்மையானதுதான். ஆனாலும் அந்த வேகத்தில் கிளம்பாதீர்கள். "இனித் தொடவே மாட்டேன்" என்ற சத்தியத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவரிடம் போகப் போகிறீர்கள். தனக்கு நேர்ந்தது இவனுக்குத் தெரிந்திருக்கிறதா, அதைச் சரிசெய்ய என்ன செய்யப் போகிறான் என்றுதான் அவர் பார்ப்பார்.

குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் பன்னிரண்டு படிகள் 1939-இல் அச்சேறின. எட்டாம் படியில், தீங்கு செய்தவர்களின் பட்டியலை எழுதி, அவர்கள் அனைவருக்கும் ஈடுசெய்ய மனத்தைத் தயார்ப்படுத்துகிறோம். முடிந்த இடத்திலெல்லாம் நேரில் ஈடுசெய்வது ஒன்பதாம் படி. அது அவர்களையோ பிறரையோ காயப்படுத்தும் என்றால் மட்டும் விதிவிலக்கு. எழுதுவதற்கே தனியாக ஒரு படி இருக்கிறது. நீங்கள் எந்தக் குழுவிலும் இல்லாவிட்டாலும் இந்த வரிசை உங்களுக்குப் பயன்படும்.

1. துணைக்கு ஒருவர்

ஸ்பான்சர் (குழுவில் உங்களுக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினர்), மனநல ஆலோசகர், பல ஆண்டுகளாகக் குடிக்காமல் இருக்கும் நண்பர் என யாராவது ஒருவர் வேண்டும். பட்டியலில் இடம்பெறக்கூடியவர் இதற்கு ஆகமாட்டார். மனைவியையோ கணவரையோ இந்த வேலையில் இழுக்காதீர்கள்.

அமைப்பின் இணை நிறுவனர் டாக்டர் பாப், 1935-இல் குடியை விட்ட கையோடு கடன்காரர்களையும் தன்னால் காயப்பட்டவர்களையும் தேடிப் போனார். உடனே கிளம்ப நினைப்பவர்கள் அவரை உதாரணம் காட்டுவதுண்டு. அந்தக் கோடையில் மற்றொரு நிறுவனரான பில் அவர் வீட்டிலேயே தங்கியிருந்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2. பட்டியல்

பெரும்பாலான உழைப்பு இங்கேதான். நான்காம் படியின் தன்னாய்வை எழுதியிருந்தால் பாதிப் பெயர்கள் அதிலேயே இருக்கும். ஒரு நோட்டில் நான்கு பத்திகள் போடுங்கள்: யார், நான் செய்தது, அதனால் அவருக்கு நேர்ந்தது, என்ன ஈடு.

"அக்கா: நிறையத் தொல்லை கொடுத்தேன்" என்று எழுதினால் அது வெறும் வருத்தம். இப்படி எழுதிப் பாருங்கள்: "மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அக்கா பீரோவில் வைத்திருந்த பணத்தை எடுத்தேன். கேட்டபோது, வீட்டு வேலைக்கு வந்த பெண் எடுத்திருப்பாள் என்றேன். அவளுக்கு வேலை போயிற்று." ஒரு பெயரில் தொடங்கியது இப்போது மூன்று பெயர்களாகிவிட்டது. அக்காவுக்குப் பணம் மட்டும் போகவில்லை. தம்பியின் பேச்சை நம்பி ஒரு நிரபராதியை அனுப்பிய பாரமும் அவரிடம் இருக்கிறது. இதையெல்லாம் எழுதாமல் போய் நின்றால் பணத்துக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவீர்கள்.

அவர்கள் உங்களுக்குச் செய்தது இந்த நோட்டில் வேண்டாம். அக்கா பத்துப் பேர் முன்னால் அவமானப்படுத்தியிருக்கலாம். அதை ஆலோசகரிடம் பேசுங்கள். எழுதும்போது நெஞ்சு அடைத்தாலோ, குடிக்கும் உந்துதல் வந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றினாலோ நோட்டை மூடிவிட்டு உடனே துணையாளரைக் கூப்பிடுங்கள். பட்டியல் காத்திருக்கும்.

3. யாரிடம் போகலாம், யாரிடம் கூடாது

உங்களைப் பார்க்கவே வேண்டாம் என்று சொன்னவரை, நீதிமன்றம் விலகியிருக்கச் சொன்னவரை, உங்களைக் கண்டாலே நடுங்குகிறவரை நெருங்காதீர்கள். அவர்களுக்குச் செய்யக்கூடிய ஈடு விலகி நிற்பதுதான். யாருக்கும் தெரியாத ஓர் உறவை ஒப்புக்கொள்வதால் உங்கள் மனம் லேசாகி இன்னொருவரின் வாழ்க்கை நொறுங்கும் என்றால், துணையாளரைக் கேட்காமல் வாயைத் திறக்காதீர்கள். கூடக் குடித்தவர்கள், போதைப்பொருள் விற்றவர்கள் பக்கமும் இப்போது போகவேண்டாம். திருட்டு, போலிக் கையெழுத்து போன்றவை இருந்தால் முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். சிறை வந்தால் அதைத் தாங்கப்போவது உங்களை நம்பியிருக்கும் குடும்பமும்தான்.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதித் துணையாளர் முன்னால் வாசிக்கலாம். பிள்ளைகளிடம் நீண்ட பேச்சு தேவையில்லை. சொன்ன நேரத்துக்குப் பள்ளி வாசலில் நில்லுங்கள், மறுநாளும் நில்லுங்கள்.

4. சொல்லப்போவதை எழுதுங்கள்

அரைப் பக்கத்துக்குள் முடியுங்கள். உதாரணத்துக்கு: "அக்கா, பீரோவிலிருந்த பணத்தை எடுத்தது நான். அந்தப் பெண் எடுக்கவில்லை. பொய் சொல்லி அவள்மேல் பழி போட்டேன், உன்னையும் அதற்கு உடந்தையாக்கினேன். பணத்தைத் திருப்பித் தருகிறேன். அவளிடமும் உண்மையைச் சொல்லப்போகிறேன். நான் விட்டது ஏதாவது இருந்தால் சொல், கேட்டுக்கொள்கிறேன்."

எழுதியதில் "ஆனால்" வந்த இடத்தையெல்லாம் அடியுங்கள். "போதையில் இருந்தேன்" என்பதையும் அடியுங்கள். அது அவருக்குத் தெரியும். "என்னை மன்னித்துவிடு" என்று கேட்பதும் வேண்டாம் என்பேன். மன்னிப்பதும் மன்னிக்காததும் அவர் உரிமை. கேட்டால், உங்களைத் தேற்றும் வேலையும் அவர் தலையில் விழும்.

5. பணம்

மாதம் எவ்வளவு தர முடியும் என்று வாடகையும் சாப்பாடும் போகக் கணக்குப் போடுங்கள். பெரிய தொகை சொல்லி இரண்டாம் மாதமே தவறுவதைவிட, சிறு தொகையைத் தவறாமல் தருவது மேல். முதல் தவணையைக் கையில் வைத்துக்கொண்டே போங்கள்.

6. போகும் நாள்

திடீரென்று கதவைத் தட்டாதீர்கள். "உன்னிடம் பேச வேண்டியது இருக்கிறது, எப்போது வரலாம், வரலாமா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். துணையாளரை அக்காவாக உட்காரவைத்து ஒருமுறை பேசிப்பாருங்கள்; அவர் கத்தட்டும், பதில் பேசாமல் எழுந்து போகட்டும். போகுமுன் அவருக்கு ஒரு போன், திரும்பியதும் ஒரு போன் என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அன்று மாலை தனியாக இருக்காதீர்கள்.

அக்கா கதவைச் சாத்திவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். நோட்டில் தேதியைக் குறியுங்கள். அவர் பேசினாலும் பேசாவிட்டாலும் தவணை அடுத்த மாதமும் போக வேண்டும். வேலை இழந்த அந்தப் பெண்ணின் பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறது. அவரைப் பார்க்கப் போவதற்கான அரைப் பக்கத்தை எழுதத் தொடங்குங்கள்.