அரைநாளில் அரஷியாமா

ஜப்பானின் கியோட்டோவில் அரைநாள் மட்டுமே கிடைப்பவர்கள், நகரின் மேற்கிலுள்ள அரஷியாமாவுக்குக் காலை எட்டு மணிக்குள் போய்விடுவது நல்லது. பெட்டிகளைக் கியோட்டோ நிலையத்து லாக்கரில் வைத்துவிட்டு, ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) சகானோ பாதை ரயிலில் ஏறினால் கால் மணி நேரத்தில் சகா-அரஷியாமா நிலையத்தில் இறங்கலாம். மூங்கில் தோப்புக்குக் கட்டணமோ திறப்பு நேரமோ கிடையாது என்பதால், கூட்டம் சேர்வதற்குள் அதையே முதலில் நடந்து பார்த்துவிட வேண்டும். அடுத்து, 8.30 மணிக்குத் திறக்கும் தென்ரியூஜி ஆலயத் தோட்டத்துக்குச் செல்லுங்கள். முசோ சோசெகி என்ற ஜென் துறவி 14ஆம் நூற்றாண்டில் அமைத்த அங்குள்ள குளத்தின் கரையில், பின்னாலிருக்கும் மலையும் தோட்டத்தின் பகுதியாகவே தெரியும்படி பாறைகளும் மரங்களும் வைக்கப்பட்டிருப்பதை அவசரப்படாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அங்கிருந்து தொகெட்சுக்யோ பாலம் சில நிமிட நடைதான். குரங்குப் பூங்காவுக்கு மலையேற வேண்டியிருப்பதால், நேரம் குறைவாக இருந்தால் அதைத் தயங்காமல் விட்டுவிடலாம்.