காரில் பானம் கொட்டிவிட்டதா? கறையை விட அடியில் போன ஈரத்தைக் கவனியுங்கள்

காரின் தரையில் பால் கொட்டினால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. துடைத்தோம், கறை போய்விட்டது, வேலை முடிந்தது என்று கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவோம். மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறக்கும்போதுதான் குப்பென்று புளித்த வாடை முகத்தில் அடிக்கும்.

எனக்கும் அப்படித்தான் நடந்தது. சரியாக மூடாத அரை லிட்டர் பாட்டில் ஒன்று முன்சீட்டின் காலடியில் சாய்ந்து காலியாகிவிட்டது. உடனே துடைத்தேன். தண்ணீர் தெளித்து மறுபடி துடைத்தேன். கார்பெட் பளிச்சென்று இருந்தது. நான்காம் நாள் வாடை தாங்காமல், கதவோரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றி, கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் இருந்த பஞ்சை இரண்டு விரலால் அழுத்தியதும் வெளிர் மஞ்சளாக, லேசான நுரையோடு கசிந்து வந்தது. மேலே தொட்டால் காய்ந்த துணி. ஒரு விரற்கடைக்குக் கீழே அத்தனை பாலும் அப்படியே இருந்தது.

பானம் கொட்டியபின் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன. கார்பெட்டை ஒரு துணி என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது பல அடுக்கு. மேலே நைலான், பாலியஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் இழை. அதன் அடியில் இழைகளைப் பிடித்து நிறுத்தும் பூச்சு. அதற்கும் கீழே சத்தத்தையும் சூட்டையும் தடுக்கப் போட்ட தடித்த ஃபோம் அல்லது பஞ்சு. கடைசியில் இரும்புத் தகடு. மேல் இழை தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது. அடியில் இருக்கும் பஞ்சு வேண்டுமட்டும் குடிக்கும். குடித்ததைச் சுலபத்தில் விடவும் விடாது, ஏனென்றால் மேலே கார்பெட், கீழே தகடு, காற்றுக்கு வழியே இல்லை.

கொட்டியதும் கை தானாகத் தேய்க்கத்தான் போகும். அதுதான் முதல் தவறு. தேய்த்தால் ஒரு கையகல ஈரம் இரண்டு கையகலமாகும், இழைகள் முறுக்கவிழ்ந்து நைந்துபோகும், பானமும் இன்னும் ஆழத்தில் இறங்கும். இழை ஒருமுறை கலைந்துவிட்டால் கறை போனபின்னும் அந்த இடம் வேறு நிறத்தில் மங்கலாகத் தெரியும். ஆகவே தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். வெளியோரத்தில் தொடங்கி நடுவை நோக்கி வாருங்கள். துணியை நான்காக மடித்து வைத்து, அதன் மேல் முழங்கையை ஊன்றி உடல் எடையை இறக்கி, இருபது முப்பது எண்ணும்வரை அப்படியே இருங்கள். எடுத்து, காய்ந்த பக்கத்தைத் திருப்பி மறுபடி அழுத்துங்கள். துணியில் ஈரம் ஏறுவது நிற்கும்வரை விடாதீர்கள். இதற்குப் பத்து நிமிடம் ஆகலாம், நாலைந்து துண்டு வீணாகலாம். பின்னால் போகும் நாலு நாளோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. துணி வெள்ளையாக இருக்கட்டும். சாயம் போகும் துணியும், செய்தித்தாளும் ஈரக் கார்பெட்டில் தங்கள் நிறத்தை விட்டுவிட்டுப் போகும்.

அதற்கு முன்பாகவே மேட்டை வெளியே எடுத்துவிட வேண்டும். ரப்பர் மேட் இருந்ததால் கார்பெட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று நம்பிவிடுகிறோம். தட்டையான மேட்டின் ஓரம் வழியாகக் கொஞ்சம் இறங்கினாலும் அந்த ஈரத்துக்கு அதே மேட் மூடியாகிவிடும். மேட்டை மட்டும் கழுவி, கார்பெட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் திரும்பப் போட்டால், பூஞ்சைக்கு நாமே போர்வை போர்த்திவிட்ட மாதிரி.

வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறப்போடுவது இன்னொன்று. காபியோ கோலாவோ கொஞ்சம் பொறுக்கும். பால் பொறுக்காது, பால் கலந்த எதுவும் பொறுக்காது. வெயிலில் நிற்கும் காருக்குள் இருக்கும் வெதுவெதுப்பு பாலில் வளரும் நுண்ணுயிர்களுக்குக் கொண்டாட்டம். வண்டியை ஓரமாக நிறுத்தி, கையில் இருக்கும் டிஷ்யூ, துண்டு, பழைய டீ-ஷர்ட் எதுவானாலும் வைத்து அழுத்திவிட்டு அப்புறம் கிளம்புங்கள்.

சர்க்கரை உள்ள பானம் என்றால் வேறொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. 330 மில்லி கோலா கேனில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போகும். சர்க்கரை எங்கும் போகாது. தானாகக் காய்ந்துவிட்டது என்று விட்டால், அந்த இடம் பிசுபிசுவென்று ஆகி, செருப்பு கொண்டுவரும் தூசியையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரே மாதத்தில் அங்கே கறுப்பாக ஒரு திட்டு. கோலாவின் கறை என்று நாம் நினைப்பதில் பாதி, சர்க்கரையில் ஒட்டிய மண். எனவே ஒற்றி எடுத்தபின் கொஞ்சம் தண்ணீரால் சர்க்கரையைக் கரைத்து அதையும் எடுத்தாக வேண்டும்.

அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லில்தான் எல்லோரும் தவறுகிறோம். குடத்தைக் கவிழ்ப்பது போல ஊற்றிவிடுகிறோம். ஊற்றும் ஒவ்வொரு டம்ளரும் பானத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பஞ்சுக்குள் இறங்கும். மேலே சுத்தமாகத் தெரியும். இரண்டு நாளில், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, அடியில் இருக்கும் நிறமும் சர்க்கரையும் இழை வழியே மேலேறி அதே இடத்தில் கறையாக வந்து உட்காரும். கறை திரும்ப வருகிறதே என்று மறுபடி தண்ணீர் ஊற்றுவோம், அது மறுபடி ஏறும். ஸ்ப்ரே பாட்டிலில் தெளியுங்கள், ஒற்றி எடுங்கள், மறுபடி தெளியுங்கள். தெளித்த அளவு துணிக்குத் திரும்பி வந்ததா என்பதே கணக்கு. ஈரத்தையும் உறிஞ்சும் வெட் வேக்யூம் கிடைத்தால் இந்த வேலை பாதியாகிவிடும். வீட்டில் தூசி உறிஞ்சும் சாதாரண வேக்யூமை மட்டும் இதற்குக் கொண்டுவராதீர்கள். அதில் தண்ணீர் போனால் மோட்டார் கெடும், ஷாக் அடிக்கவும் கூடும்.

சோப்பிலும் இதே கதைதான். நிறைய நுரை வந்தால் நிறைய சுத்தம் என்று தோன்றும். கார்பெட்டைப் புடவை போல அலச முடியாது, உள்ளே போன சோப்பு உள்ளேயே நிற்கும். காய்ந்த சோப்பும் சர்க்கரையைப் போலவே தூசியை இழுக்கும். ஒரு டம்ளர் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் கால் டீஸ்பூன் போதும். அதற்குப்பின் வெறும் தண்ணீர் தெளித்து, விரலுக்கு வழுவழுப்புத் தெரியாமல் போகும்வரை ஒற்றி எடுங்கள். காபி, டீ கறைக்குக் கட்டிச் சோப்பைப் போடாதீர்கள். அந்தப் பானங்களில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளின் கறையைக் கட்டிச் சோப்பு இன்னும் பிடிவாதமாக்கிவிடும். திரவ டிடர்ஜென்ட் நல்லது. அதற்கும் அசையாவிட்டால் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து தெளித்துப் பாருங்கள். எதைத் தெளிப்பதற்கு முன்பும் சீட்டுக்கு அடியில் கண்ணில் படாத ஓர் ஓரத்தில் சொட்டு விட்டு, வெள்ளைத் துணியில் சாயம் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

வெந்நீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அழுக்கு என்றாலே வெந்நீர் என்பது பழக்கம். பாலுக்கு அது ஆகாது. பாலில் உள்ள சில புரதங்கள் சூட்டில் திரிந்து இழையோடு ஒட்டிக்கொள்ளும். பால், மில்க்‌ஷேக், பால் சேர்த்த காபி எதுவானாலும் குளிர்ந்த தண்ணீரிலேயே தொடங்குங்கள்.

இப்போது சமையலறை வைத்தியங்கள். வினிகரும் சமையல் சோடாவும் சேர்த்தால் பொங்கும். பார்ப்பதற்கு ஏதோ பெரிய வேலை நடப்பது போல இருக்கும். ஒன்று அமிலம், மற்றது காரம். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, மிஞ்சுவது பெரும்பாலும் உப்புக் கரைசல். தனித்தனியாக இரண்டுமே பயன்படும். வினிகர் டானின் கறைக்கு. சமையல் சோடா, இடம் காய்ந்தபின் தூவி, இரவு முழுக்க விட்டு உறிஞ்சி எடுத்தால் மிச்ச வாடைக்கு. சாப்பாட்டு உப்பைத் தூவும் யோசனையை நான் அடியோடு வேண்டாம் என்பேன். ஈரத்தை இழுக்கும்தான், ஆனால் கரைந்து கீழே போய் இரும்புத் தகட்டில் உட்காரும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் துருவுக்கு வேறென்ன வேண்டும்?

பிளீச்சைக் காருக்குள் கொண்டே வராதீர்கள். கார்பெட்டின் நிறத்தைத் தின்னும் என்பது சின்னக் கவலை. ஏற்கெனவே வினிகர் தெளித்த இடத்தில் பிளீச் பட்டால் குளோரின் வாயு வரும். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரோடு சேர்ந்தால் குளோரமின் வாயு வரும். இரண்டுமே நுரையீரலைப் பதம் பார்ப்பவை. நான்கு கதவும் சாத்திய சின்ன இடத்தில், தலையைக் குனிந்து தரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யும்போது இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

பாலின் வாடைக்கு நான் நம்புவது என்சைம் கிளீனர். நாற்றத்துக்குக் காரணமான புரதத்தையும் கொழுப்பையும் அது துண்டுதுண்டாக உடைக்கும். இதிலும் தவறுவது எளிது. மேலாக இரண்டு தடவை தெளித்து உடனே துடைத்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று அலுத்துக்கொள்கிறோம். பால் எந்த ஆழம் போயிருக்கிறதோ அந்த ஆழம் அதுவும் போக வேண்டும். தண்ணீரை அளந்து தெளிக்கச் சொன்ன நானே இங்கே நனைய விடச் சொல்வதற்குக் காரணம் அதுதான். லேபிளில் போட்ட நேரம்வரை காயாமல் இருக்க, மேலே ஒரு ஈரத்துணி போட்டு வையுங்கள். வெந்நீரோ பிளீச்சோ பட்டால் என்சைம் செயலிழந்துவிடும். காருக்குள் வாசனை அட்டை தொங்கவிடுவது, சென்ட் அடிப்பது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. புளித்த பாலோடு எலுமிச்சை வாசனை சேர்ந்தால் தலைவலிதான் வரும்.

உலர்த்தும்போது அவசரப்படுவதால் அத்தனை உழைப்பும் வீணாகிறது. நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்க வாய்ப்பு அதிகம். வெயிலில் நிறுத்தி ஜன்னலை ஏற்றிவிட்டால் தானாகக் காயும் என்று பலர் நினைக்கிறார்கள். ஈரம் ஆவியாகும், வெளியேறாது. இரவில் குளிர்ந்ததும் கண்ணாடியிலும் சீட்டிலும் படிந்து மறுபடி கீழே வரும். காற்று வறண்டிருக்கும் நாளில் கதவுகளைத் திறந்து வைத்து, ஒரு மேசை விசிறியைக் காலடிப் பக்கம் திருப்பி ஓட விடுங்கள். மழைக்காலம் என்றால் ஏசி உதவும். அது காற்றில் உள்ள ஈரத்தைத் தண்ணீராக வடித்து வெளியே விட்டுவிடும். எஞ்சினை ஓட்டி ஏசி போடுவதானால் திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள். மூடிய ஷெட்டில் கார்பன் மோனாக்சைடு சேரும். கொதிக்கும் காற்றை ஊதும் ஹீட் கன்னை எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாலிபுரொப்பிலீன் சுமார் 160 டிகிரி செல்சியஸிலேயே உருகும், ஹீட் கன்னின் சூடு அதை வெகுவாகத் தாண்டிப் போகும். உருகிய இழைக்கு மருந்து கிடையாது.

கொட்டியது ஒரு டம்ளருக்கு மேல் என்றால் கார்பெட்டின் ஓரத்தைத் தூக்காமல் காய வைக்க முடியாது. கதவோரப் பட்டை பெரும்பாலும் கிளிப்பில்தான் நிற்கும், மெதுவாக மேலே இழுத்தால் வரும். வெறித்தனமாகப் பிடுங்கினால் கிளிப் உடையும். ஓரத்தைத் தூக்கி, அடியில் சுருட்டிய துண்டு ஒன்றை வைத்து, விசிறிக் காற்று நடுவே போகும்படி விட வேண்டும். அங்கே வயர்க்கட்டு ஓடும், அதை இழுக்காதீர்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் தெரிந்தால் கை வைக்கவே வேண்டாம். அது ஏர்பேக், சீட் பெல்ட் சம்பந்தப்பட்டது. சீட்டைக் கழற்றியே ஆக வேண்டும் என்கிற நிலை வந்தால் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. கியர் லீவர் பக்கம், பெல்ட் பூட்டும் பக்கிள், சீட் நகரும் தண்டவாளம் ஆகியவற்றில் சர்க்கரைப் பானம் தெறித்திருக்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள். பக்கிள் பிசுபிசுத்துச் சரியாகப் பூட்டாமல் போனால் அது கறையை விடப் பெரிய ஆபத்து.

காய்ந்துவிட்டதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்ப்பதில் பயன் இல்லை, மேல் இழை எப்போதோ காய்ந்திருக்கும். நாலைந்து டிஷ்யூவை அடுக்கி வைத்து, அதன் மேல் குதிகாலை ஊன்றி முழு எடையோடு ஒரு நிமிடம் நில்லுங்கள். டிஷ்யூ நமுத்திருந்தால் இன்னும் வேலை இருக்கிறது. காலையில் கண்ணாடியின் உட்புறம் பனித்திருந்தாலும் அதே அர்த்தம். என் காரில் ஓரத்தைத் தூக்கி வைத்து, விசிறி ஓட்டத் தொடங்கியதிலிருந்து நான்காம் நாள் மாலையில்தான் டிஷ்யூ மொரமொரவென்று வந்தது. அதற்கு மேலும் ஒரு நாள் விட்டுவிட்டுத்தான் பட்டையை அமுக்கி மாட்டி, மேட்டைத் திரும்பப் போட்டேன்.