மூன்று இடத்தில் வேலை பார்க்கும் புது நர்ஸ் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தனியார் மருத்துவமனையில் சேர்ந்த முதல் வருடத்திலேயே, சம்பளம் போதாமல், மாலையில் கிளினிக், ஆஃப் நாளில் ஹோம் கேர் என்று ஓடுகிறவர்கள் அதிகம். நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு என்று சொல்ல வீட்டில் ஆள் இருக்கும். யாரும் சொல்லாமல் விடுவது வேறொன்று. இடம் மாறினாலும் கைப்பழக்கம் மாறுவதில்லை. ஓர் இடத்தில் சரியாக இருந்த அதே அசைவு, அடுத்த இடத்தில் தப்பாகிவிடும்.

இன்சுலின்: 40க்கும் 100க்கும் நடுவில்

மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம், இதை முடியாது. பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வருகிறது.

நம் ஊர் வார்டுகளில் பெரும்பாலும் புழங்குவது ஒரு மில்லிக்கு 40 யூனிட் இன்சுலின் உள்ள வயல் (சிறு மருந்துக் குப்பி). அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனாவில் போடும் 3 மில்லி கார்ட்ரிட்ஜில் இருப்பதோ மில்லிக்கு 100 யூனிட். அந்த அளவுக்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு நிறம்.

நடப்பது இப்படித்தான். ஹோம் கேர் வீட்டில் பேனா பழுதாகிவிடும். பையில் வார்டில் பழகிய சிவப்பு மூடி சிரிஞ்ச் கிடக்கும். கார்ட்ரிட்ஜில் ஊசியைக் குத்தி, 20 என்ற கோடு வரை இழுத்துப் போட்டுவிடுவார்கள். அந்தக் கோடு வரை ஏறுவது அரை மில்லி, அதாவது 50 யூனிட். சாப்பிட்டுப் படுத்த பெரியவருக்கு நடு இரவில் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டும். ‘தூங்குகிறார்’ என்று வீட்டார் விட்டுவிடுவார்கள்.

தலைகீழாக நடந்தால் உடனே தெரியாது. 40 வயலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்காது. டாக்டர் டோஸைக் கூட்டுவார். அடுத்த ஷிப்டுக்கு வருபவர் சரியான சிரிஞ்சில், கூட்டிய டோஸை முழுசாகப் போடுவார். சர்க்கரை அடியோடு இறங்கும். பழி அவர் மேல் விழும்.

‘இரண்டரையால் பெருக்கு, வகு’ என்று கணக்குச் சொல்லித் தரும் சீனியர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நைட் முடித்து வந்த மூளையில் எதைப் பெருக்குவது, எதை வகுப்பது என்பதே குழம்பும். சரியான சிரிஞ்ச் இல்லையென்றால் மருந்துக்கடைக்கு ஆள் அனுப்புங்கள்.

முதலில் லேபிளில் 40ஆ 100ஆ என்று வாய்விட்டுப் படியுங்கள். பிறகு மூடியின் நிறம். அதற்கப்புறம்தான் டோஸ். நோட்டில் ‘யூனிட்’ என்று முழுசாக எழுதுங்கள். 4க்குப் பக்கத்தில் ஆங்கில ‘U’ போட்டால், அது சுழியம் மாதிரித் தெரிந்து, அவசரத்தில் 40 என்று படிக்கப்படும்.

பம்ப் வேகத்தை மனப்பாடமாக வைப்பது

ஓர் ஐ.சி.யூ.வில், பி.பி.யை ஏற்றும் மருந்தான நார்அட்ரினலின் 4 மில்லிகிராமை 50 மில்லியாக்குவார்கள். இன்னொன்றில் 8 மில்லிகிராமை. பம்பில் ஒரே ‘மணிக்கு 5 மில்லி’, மருந்து இரண்டு மடங்கு. ஓவர் எடுக்கும்போது (முந்தைய ஷிப்டிடமிருந்து நோயாளியைப் பொறுப்பேற்கும்போது) வேகத்தை மட்டும் கேட்காமல், எத்தனை மில்லிகிராம் எத்தனை மில்லியில் என்று கேட்டு, சிரிஞ்சில் ஒட்டிய லேபிளோடு ஒப்பிடுங்கள்.

எட்டு மணி வைட்டல்ஸை ஆறரைக்கே எழுதுவது

அடுத்த வேலைக்குப் பஸ் பிடிக்கத்தான் இது. ஏழேகாலுக்கு பி.பி. இறங்கினால் சார்ட் உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லும். இரண்டு வேலைக்கும் நடுவில், ஓவர் நீளும் நேரத்தையும் சேர்த்து இடைவெளி விடுங்கள். பயண நேரத்தை மட்டும் கணக்குப் போட்டால் போதாது.

ஒரிஜினல் சான்றிதழைக் கொடுத்துவைப்பது

காட்டலாம். நகல் கொடுக்கலாம். விட்டுவிட்டு வரக்கூடாது.

தடுப்பூசி பாதியில் நிற்பது

ஹெபடைடிஸ் பி மூன்று டோஸ்: முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம். இரண்டோடு நின்றவர்கள்தான் அதிகம். மூன்றாவது போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டிபாடி பாருங்கள். ரிப்போர்ட்டில் 10 mIU/mL அல்லது அதற்கு மேல் வேண்டும். மருத்துவமனையில், நோயாளிக்குப் போட்ட ஊசி உங்கள் கையில் குத்திவிட்டால் இன்சார்ஜ் சிஸ்டர் இருப்பார், ரிப்போர்ட் எழுதலாம். ஹோம் கேரில் யாரிடம் போவீர்கள்? சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள், பிதுக்காதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவையென்று டாக்டர் முடிவு செய்தால் முதல் டோஸ் 2 மணி நேரத்துக்குள் போவது நல்லது, 72 மணி தாண்டினால் பயனில்லை. 28 நாள் சாப்பிட வேண்டும். நள்ளிரவென்றாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பயன்படுத்திய ஊசியைப் பையில் போட்டு எடுத்துவருவது

குத்தினாலும் துளைபடாத கெட்டி டப்பா ஒன்று ஹோம் கேர் பையில் இருக்கட்டும். மூடியைத் திரும்ப மாட்டாதீர்கள்.