டிஸ்டோப்பியக் காதல் நாவலைத் திரைக்கதையாக்குவது எப்படி? தொடக்கக்காரர்களுக்கு ஒரு செய்முறை

எல்லாவற்றையும் கண்காணிக்கும் அரசு, முடிவு முன்பே எழுதப்பட்ட வாழ்க்கை, அதற்கு நடுவே ஒருவரையொருவர் விரும்பும் இரண்டு பேர். கடைசியில் அவர்கள் ஜெயிப்பதில்லை. இப்படிக் கொடுங்கனவு போன்ற ஓர் உலகத்தைக் காட்டும் டிஸ்டோப்பிய நாவலைப் படித்து முடித்ததும் ‘இதைப் படமாக எடுத்தால் எப்படி இருக்கும்!’ என்று பலருக்கும் தோன்றும். ஆனால் உட்கார்ந்து எழுதினால் பத்துப் பக்கத்துக்குள் மாட்டிக்கொள்வார்கள். நாவலில் நம் மனதைப் பிசைந்தது பெரும்பாலும் கதையைச் சொல்கிறவரின் நிதானமான குரல். கேமராவுக்கு அந்தக் குரல் கிடையாது.

அதை ஈடுகட்ட, புதிதாக எழுதுகிறவர்கள் இரண்டு காரியம் செய்வார்கள். ஒன்று, அந்த உலகத்தைப் பிரம்மாண்டமாகக் கட்டுவார்கள். இல்லையென்றால் நாவலின் வரிகளைப் பின்னணிக் குரலில் கொட்டுவார்கள். இரண்டிலும் காதல் காணாமல் போய்விடும். இந்தச் செய்முறை முழுவதும் நான் பிடித்துக்கொண்டிருப்பது ஒரே விதி: அந்த உலகத்தின் சட்டம் அந்த இருவருக்கும் நடுவில் வந்து நிற்கும் இடத்தில் மட்டும்தான் திரைக்கு வர வேண்டும்.

படி 1: முதலில் உரிமையைப் பாருங்கள்

காப்புரிமை உள்ள நாவலை அனுமதி இல்லாமல் படமாக்க முடியாது. பெரும்பாலும் முதலில் போடுவது ஆப்ஷன் ஒப்பந்தம். ஒரு தொகையைக் கொடுத்து, குறிப்பிட்ட காலம் வரை உரிமையை வேறு யாருக்கும் விற்காமல் பிடித்து வைப்பார்கள். அதற்குள் படம் கைகூடினால் மீதியைக் கொடுத்து வாங்குவார்கள். கூடாவிட்டால் உரிமை எழுத்தாளரிடமே திரும்பிவிடும்.

பழகுவதற்கு இந்தத் தலைவலி வேண்டாம். காப்புரிமைக் காலம் முடிந்து பொதுச் சொத்தாகிவிட்ட நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் இறந்து எத்தனை ஆண்டு கழித்து உரிமை முடியும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பல நாடுகளில் 70, சிலவற்றில் 50 அல்லது 60. நான் இங்கே எடுத்துக்கொள்வது ரஷ்ய எழுத்தாளர் யெவ்கேனி சமியாதினின் ‘நாங்கள்’. 1920களின் தொடக்கத்தில் எழுதி முடித்த நாவல். 1924-ல் ஆங்கில மொழிபெயர்ப்பாகத்தான் முதலில் வெளிவந்தது. சோவியத் நாட்டில் அச்சேற 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சமியாதின் 1937-ல் பாரிஸில் இறந்தார். ஒரு எச்சரிக்கை: மொழிபெயர்ப்புக்குத் தனியாக உரிமை உண்டு. புதிய மொழிபெயர்ப்பிலிருந்து வசனத்தை அப்படியே உருவக்கூடாது.

கதை சுருக்கமாக: எல்லா வீட்டுக்கும் கண்ணாடிச் சுவர். மனிதர்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். விண்கலம் கட்டும் கணித மூளை டி-503. அவன் ஐ-330 என்ற பெண்ணிடம் மனதைப் பறிகொடுக்கிறான். அவன் எழுதிவைத்த 40 குறிப்புகள்தான் நாவல்.

படி 2: இரண்டு முறை படியுங்கள்

முதல் முறை பென்சில் இல்லாமல், சாதாரண வாசகராக. முடித்த மறுநாள், நினைவில் நிற்கும் இடங்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். புத்தகத்தைத் திறக்காதீர்கள். மறந்துபோனதில் பாதி, படத்துக்குத் தேவைப்படாததாகத்தான் இருக்கும்.

இரண்டாம் முறை பென்சிலோடு. கண்ணால் பார்க்கவோ காதால் கேட்கவோ முடிந்ததற்கு மட்டும் கோடு போடுங்கள். ‘அவனுக்கு இனம் புரியாத ஏக்கம்’ என்பதற்குக் கோடு கிடையாது. ‘சாளரத் திரையை இறக்கினாள்’ என்பதற்கு உண்டு.

படி 3: ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்

யார் யாரை விரும்புகிறார்கள், எந்தச் சட்டம் நடுவில் நிற்கிறது. இவ்வளவுதான் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். ‘அடக்குமுறைக்கு எதிராகப் போராடும் ஒருவனின் கதை’ என்று வந்தால் அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அது எந்தப் படத்துக்கும் பொருந்தும் வரி. ‘நாங்கள்’ நாவலுக்கு என் வாக்கியம் இது: எல்லாவற்றையும் கணக்கால் அளக்கும் ஒருவன் கணக்கில் அடங்காத ஒருத்தியை விரும்புகிறான், அந்த விருப்பத்தையே நோய் என்று நம்புகிறான், அந்த நோயைத் தீர்க்க அரசிடம் அறுவைச் சிகிச்சை இருக்கிறது.

படி 4: சட்டங்களைப் பட்டியல் போட்டு, வெட்டுங்கள்

நாவலில் வரும் விதிகளையெல்லாம் இடப்பக்கம் எழுதுங்கள். வலப்பக்கம், ஒவ்வொன்றும் அந்த இருவரை எப்படித் தொடுகிறது என்று எழுதுங்கள். வலப்பக்கம் காலியாக இருந்தால் அந்த விதி படத்தில் வேண்டாம்.

‘நாங்கள்’ நாவலில் பெட்ரோலியத்திலிருந்து உணவு தயாரிக்கிறார்கள். படிக்கச் சுவையான தகவல். ஆனால் காதலர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை, வெட்டலாம். இளஞ்சிவப்புச் சீட்டு அப்படி இல்லை. கண்ணாடி வீட்டில் சாளரத் திரையை இறக்கி மறைவாக இருக்க வேண்டுமென்றால் அந்தச் சீட்டு வேண்டும்; யாருடன், எந்த நேரத்தில் என்பதெல்லாம் பதிவு. ஒரு துண்டுச் சீட்டுக்குள் மொத்த அரசும் உட்கார்ந்திருக்கிறது! இந்த மாதிரி ஒன்று கிடைத்தால் நகரத்தின் வான்காட்சி, கொடிகள், அணிவகுப்பு எதுவும் பெரிதாகத் தேவைப்படாது.

சட்டத்தை வாயால் விளக்காமல் காட்டவும் வழி உண்டு. புத்தகங்களை எரிக்கும் உலகத்தைப் பற்றிய ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலை 1966-ல் பிரான்சுவா ட்ரூஃபோ படமாக்கினார். படத்தின் தொடக்கத்தில் நடிகர்கள், கலைஞர்கள் பெயர் எழுத்தில் வராது. வீட்டுக் கூரைகளின் டிவி ஆன்டெனாக்கள் வரிசையாக வர, ஒரு குரல் பெயர்களை வாசிக்கும். இங்கே படிப்பதற்கு இடமில்லை என்பது ஒரு வசனம்கூட இல்லாமல் புரிந்துவிடும்.

உலகம் ஏன் இப்படி ஆனது என்ற காரணத்துக்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். குழந்தையே பிறக்காத உலகத்தைப் பற்றிய ‘சில்ட்ரன் ஆஃப் மென்’ நாவலில் மலட்டுத்தன்மை ஆண்களுக்கு. 2006-ல் வந்த படத்தில் பெண்களுக்கு. காரணத்தை மாற்றியும் கதை நின்றது.

படி 5: ரகசியத்தை எப்போது உடைப்பது?

இந்த வகைக் கதைகளில் ஒரு கொடூரமான உண்மை ஒளிந்திருக்கும். அதைக் கடைசித் திருப்பமாக வைக்கலாம் என்று கை பரபரக்கும். வேண்டாம் என்பேன்.

கசுவோ இஷிகுரோவின் ‘நெவர் லெட் மீ கோ’ நாவலையும் (2005) அதன் படத்தையும் (2010, திரைக்கதை அலெக்ஸ் கார்லண்ட், இயக்கம் மார்க் ரோமனெக்) பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விடுதிப் பள்ளியில் வளரும் பிள்ளைகள் உடல் உறுப்புகளைக் கொடுப்பதற்கென்றே உருவாக்கப்பட்டவர்கள். நாவலில் இந்த உண்மை சொட்டுச் சொட்டாகக் கசிகிறது. பிள்ளைகளுக்கும் அது பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும்தான் இருக்கிறது. படமோ தொடக்கத்திலேயே எழுத்தில் சொல்லிவிடுகிறது: 1952-ல் மருத்துவத்தில் ஒரு பெரும் திருப்பம், 1967-க்குள் சராசரி ஆயுள் 100-ஐத் தாண்டிவிட்டது. விலையைக் கொடுப்பவர்கள் யார் என்பதை மட்டும் கொஞ்சம் கழித்துச் சொல்கிறது.

இதில் லாபம் என்ன? திருப்பத்துக்காகக் காத்திருக்கும் பார்வையாளர் துப்பறிந்துகொண்டிருப்பார். அவர் கண் தடயங்களைத் தேடும், முகங்களைப் பார்க்காது. உண்மை முன்பே தெரிந்துவிட்டால், பையன் ஒருவன் விளையாட்டு மைதானத்தில் கோபத்தில் கத்துவதைப் பார்க்கும்போதே வயிற்றைப் பிசையும். சோகம் உங்களுக்கு வேண்டுமென்றால், முடிவைப் பார்வையாளர் கதாபாத்திரங்களுக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும். எவ்வளவு முன்னால் என்பதைச் சீன் அட்டைகளை (ஒரு காட்சிக்கு ஓர் அட்டை) மாற்றி மாற்றி அடுக்கித்தான் கண்டுபிடிக்க முடியும்.

படி 6: பின்னணிக் குரலைச் சோதியுங்கள்

குரலே கூடாது என்பது ஒரு மூடநம்பிக்கை. சோதனை சுலபம். குரல் வரும் வரியைக் கையால் மறைத்துவிட்டுக் காட்சியைப் படியுங்கள். காட்சி புரிந்தால் குரல் தேவையில்லை. புரியாவிட்டால் காட்சியில் கோளாறு, அதைச் சரி செய்யுங்கள். படம் ஒன்றைக் காட்ட, குரல் அதை மறுத்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம். கை நடுங்கக் கையெழுத்துப் போடுகிறான். குரல் ‘அன்று நான் அமைதியாக இருந்தேன்’ என்கிறது. அங்கே குரல் வேலை செய்கிறது.

படி 7: மனதுக்குள் இருப்பதைப் பொருளுக்கு மாற்றுங்கள்

கஷ்டமான படி, ஆனால் எழுதும்போது இதில்தான் சுகம் அதிகம். நாவலில் எண்ணமாக இருப்பதைத் திரையில் ஒரு பொருளாகவோ கைவேலையாகவோ மாற்ற வேண்டும். ‘நெவர் லெட் மீ கோ’ நாவலில் நாயகி கேத்தி ஒரு பாட்டு கேசட்டைத் தானே வாங்கி வைத்திருக்கிறாள். படத்தில் அதை அவளுக்குக் கொடுப்பவன் அவள் விரும்பும் டாமி. மாற்றம் சின்னது. ஆனால் அதன்பிறகு அவள் பாட்டுக் கேட்கும்போதெல்லாம் அவனும் அந்த அறையில் இருக்கிறான்.

‘நாங்கள்’ கதையில் இப்படி ஒன்றை நாமே செய்து பார்ப்போம். கீழே உள்ள காட்சி நாவலில் இல்லை, பயிற்சிக்காக எழுதியது. முந்தைய காட்சியில் வேறொரு பெண் சீட்டோடு வந்து, திரை இறங்கியதைப் பார்வையாளர் பார்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உள் – டி-503 அறை – மாலை

கண்ணாடிச் சுவர்கள். இடப்பக்க அறையில் ஒருவர் காலணி துடைக்கிறார். வலப்பக்க அறையில் ஒருத்தி நிமிர்ந்து உட்கார்ந்து படிக்கிறாள். திரைகள் எல்லாம் ஏறியிருக்கின்றன.

மேஜைக்கு இந்தப் பக்கம் டி, அந்தப் பக்கம் ஐ. நடுவில் அவனுடைய கணக்கு நோட்டு. ஐ அவன் கையிலிருந்து பென்சிலை வாங்குகிறாள். விரல் படவில்லை. ஒரு கூட்டலுக்குக் கீழே கோடு போடுகிறாள்.

ஐ: இங்கே தப்பு இருக்கிறது.

டி: இல்லையே. மூன்று தடவை சரிபார்த்தேன்.

ஐ: நான்காவது தடவை பாருங்கள். நான் இருக்கும்போது.

டி குனிந்து கூட்டுகிறான். உதடு அசைகிறது. பக்கத்து அறைப் பெண் பக்கத்தைப் புரட்டுகிறாள், கண் இவர்கள் மேல்.

டி: சரியாகத்தான் இருக்கிறது.

ஐ: தெரியும்.

மணி அடிக்கிறது. ஐ எழுந்து போகிறாள். பென்சில் அவள் கையோடு போகிறது.

‘நம்மைக் கவனிக்கிறார்கள்’ என்று ஒரு வசனம் வைக்கக் கை துறுதுறுக்கும். வைக்காதீர்கள், பக்கத்து அறைப் பெண்ணின் கண் அதைச் சொல்லிவிட்டது. சீட்டு இல்லாததால்தான் திரை ஏறியிருக்கிறது என்பதையும் யாரும் சொல்லவில்லை. காதல் முழுவதும் ஒரு தப்பில்லாத கூட்டலில் இருக்கிறது. அப்புறம், அடுத்த காட்சியில் டி பென்சிலைத் தேட வேண்டும். ஒரு பொருளைக் கொண்டுவந்தால் அதைப் பின்தொடருங்கள்.

படி 8: ‘ஏன் தப்பித்து ஓடவில்லை?’

இதைக் கேட்காத பார்வையாளர் இல்லை. நாவலில் குரல் நம்மைச் சமாதானப்படுத்திவிடும். திரையில் ஒரு வேலியும் இல்லாத சாலை தெரிந்தால் கேள்வி எழுந்துவிடும். ‘நெவர் லெட் மீ கோ’ படத்தில் அவர்கள் கையில் ஒரு பட்டை இருக்கும். உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் அதை ஒரு கருவியில் காட்டுவார்கள். துரத்தல் கிடையாது, காவலர் கிடையாது. கதவருகே ஒரு பழக்கம், அவ்வளவுதான். ஓட முடியாது என்று நிரூபிப்பதைவிட, ஓடும் எண்ணமே வராதபடி வளர்க்கப்பட்டவர்கள் என்று காட்டுவது இந்தக் கதைகளுக்குப் பொருந்தும்.

ஆட்களைக் குறைப்பதும் இந்தக் கட்டத்தில்தான். ஒரே வேலையைச் செய்யும் இருவரை ஒருவராக்குங்கள். ‘ஃபாரன்ஹீட் 451’ படத்தில் ட்ரூஃபோ இன்னொரு வழியில் போனார்: நாயகனின் மனைவியாகவும், அவனை மாற்றும் பெண்ணாகவும் ஜூலி கிறிஸ்டி ஒருவரையே நடிக்க வைத்தார். நாவலில் பாதியிலேயே மறைந்துபோகும் அந்தப் பெண், படத்தின் முடிவு வரை இருக்கிறாள்.

படி 9: முடிவை மென்மையாக்காதீர்கள்

‘நாங்கள்’ முடிவில் டி-503-க்கு அறுவைச் சிகிச்சை நடந்துவிடுகிறது. ஐ-330 சித்திரவதைக்கு உள்ளாவதை அவன் எந்த உணர்ச்சியும் இல்லாமல் பார்த்துக் குறிப்பு எழுதுகிறான். நாவலில் அந்தக் குறிப்பின் தொனியே போதும். திரையில் சும்மா உட்கார்ந்திருக்கும் முகத்தைக் காட்டினால், அடக்கிக்கொண்டிருக்கிறான் என்றுகூடப் பார்வையாளர் நினைத்துக்கொள்வார். அவனுக்கு ஒரு செயல் வேண்டும். நான் எழுதினால் இப்படி: அவளிடம் கைப்பற்றிய பொருட்களில் அந்தப் பென்சில் இருக்கிறது. டி அதை எடுத்துப் பார்க்கிறான், முனை மழுங்கியிருக்கிறது, சீவத் தொடங்குகிறான். அழும் குளோசப்பும் வேண்டாம், வயலினும் வேண்டாம்.

படி 10: வரைவு

சீன் அட்டைகளை அடுக்கியதும் வசனம் இல்லாமல் கதையை எழுதிப் பாருங்கள், அதுதான் ட்ரீட்மென்ட். அப்புறம் திரைக்கதை. ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது பொதுக் கணக்கு. ஆனால் இந்த வகைப் படங்களில் மௌனம் அதிகம், ஒரு வரி ஒரு நிமிடத்தைத் தின்றுவிடும். ஆகவே நூறு நிமிடப் படத்துக்கு 85, 90 பக்கத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

முடித்ததும் நாவலைப் படிக்காத இரண்டு பேரை உட்கார வைத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். படித்தவர்கள் வேண்டாம், அவர்கள் விடுபட்டதைத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். வாசிக்கும்போது நீங்கள் எங்கெல்லாம் வாயைத் திறந்து விளக்கம் சொல்லப் போகிறீர்களோ, அந்தப் பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வரைவு அந்தப் பக்கங்களிலிருந்து தொடங்கட்டும்.