ஆபீஸ்ல ராம்ப் போட்டதோட வேலை முடியலங்க

மாற்றுத்திறனாளிகளுக்கு ஏத்த மாதிரி ஆபீஸை மாத்தணும்னு நெனச்சா, முதல்ல வாசல்ல இருந்து சீட், மீட்டிங் ரூம், கேன்டீன், டாய்லெட்னு ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க, ஒவ்வொரு எடத்துலயும் 'இங்க ஒருத்தர் யாரையும் கூப்பிடாம தானா போய்ட்டு வர முடியுமா'ன்னு மட்டும் பாருங்க. ஒருநாள் உதவி கேக்குறது பரவால்ல, தினமும் பாத்ரூம் போகக்கூட ஆளத் தேடணும்னா எத்தனை நாள் அந்த வேலைல இருப்பாங்க சொல்லுங்க.

ராம்ப்புக்கு, அதாவது வீல்சேர் ஏறுற சாய்வுப் பாதைக்கு, கணக்கு 1:12, அதாவது 1 அடி ஏற 12 அடி நீளம் வேணும். எடம் இல்லன்னு செங்குத்தா போட்டா வீல்சேர் பின்னாடி சாஞ்சிரும். கதவைத் தெறந்தப்புறம் நடுவுல குறைஞ்சது 32 இன்ச் வழி இருக்கணும், திரும்புறதுக்கு 5 அடி வட்டம். டாய்லெட் கதவு வெளிப்பக்கமா தெறக்கட்டும், உள்ள யாராச்சும் விழுந்துட்டா கதவை மறிச்சுக்குவாங்க, தள்ள முடியாது. தயவுசெஞ்சு அந்த டாய்லெட்ல பக்கெட்டும் மாப்பும் அடுக்கி வைக்காதீங்க, பாக்கும்போதெல்லாம் வயிறு எரியுது.

பல பேர் கோட்டை விடுறது சாஃப்ட்வேர்லதான். லீவ் போடுற போர்ட்டலை மவுஸைத் தொடாம டேப், என்டர் கீ மட்டும் வச்சு யூஸ் பண்ணிப் பாருங்க, எங்க மாட்டிக்கிறீங்களோ அங்கதான் கண்ணு தெரியாதவங்களும் மாட்டிக்குவாங்க. திரையில இருக்கறத சத்தமா வாசிச்சுக் காட்டுற என்விடிஏ ஸ்க்ரீன் ரீடர் இலவசம், இன்ஸ்டால் பண்ணி மானிட்டரை ஆஃப் பண்ணிட்டு கேளுங்க. சர்க்குலரை ஸ்கேன் பண்ணி படமா அனுப்பினா அது வாசிக்காது, டெக்ஸ்ட்டாவே அனுப்புங்க. எழுத்துக்கும் பேக்ரவுண்டுக்கும் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வித்தியாசம், 4.5:1க்கு கொறையக் கூடாது. நெறம் பிரிச்சுப் பாக்க முடியாதவங்களும் இருப்பாங்க, அதனால சார்ட்ல சிவப்பு பச்சைய மட்டும் நம்பாதீங்க, கூடவே பேரும் எழுதுங்க.

காது கேக்காதவங்க இருந்தா மீட்டிங்ல பேசுறது எழுத்தா ஓடுற மாதிரி கேப்ஷன் போடுங்க, ஒருத்தர் ஒருத்தரா பேசுங்க. ஃபயர் அலாரத்துக்கு சத்தத்தோட லைட்டும் மின்னணும். தீப்பிடிச்சா லிஃப்ட் யூஸ் பண்ணக் கூடாது, அப்போ மூணாவது மாடியில வீல்சேர்ல இருக்கறவர் எப்படி எறங்குவாரு? இத அவரோடயே உக்காந்து பேசி, படி வழியா ஆள எறக்குற எவாக்குவேஷன் சேர் வாங்கி வச்சு, டிரில்லயும் அவரை எறக்கிப் பாருங்க.

வெளிய தெரியாத கஷ்டமும் நெறைய இருக்கு, ஆட்டிசம், மைக்ரேன், தீராத வலி மாதிரி. அவங்களுக்கு சத்தம் இல்லாத சீட், நேரத்துல கொஞ்சம் தளர்வு, வேலைய எழுத்துல குடுக்குறது, இதுவே பெரிய உதவி, பெருசா செலவும் இல்ல. 'உங்களுக்கு என்ன வியாதி'ன்னு கேக்காதீங்க, 'வேலை செய்ய என்ன வேணும்'னு கேளுங்க. இன்டர்வியூவுக்கு கூப்பிடும்போதே எல்லார்கிட்டயும் இதக் கேட்டுட்டா யாரும் தனியா கை தூக்க வேண்டியதில்ல. இது நாம போடுற பிச்சை கிடையாதுங்க, 2006ல வந்த, மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையோட 27வது பிரிவே இத வேலை உரிமைன்னுதான் சொல்லுது.

எல்லாம் முடிச்சதும் மாற்றுத்திறனாளி ஒருத்தரையே கூப்பிட்டு, அதுக்கான காசும் குடுத்து, செக் பண்ணச் சொல்லுங்க. அப்புறம் எப்ப மேஜை நாற்காலிய எடம் மாத்தினாலும் கண்ணு தெரியாத கலீக்கிட்ட அன்னைக்கே சொல்லிருங்க.